உப்புக்காத்துல கட்டிங் மெஷின், ட்ரில், டூல் பை எம்புட்டு நாள் தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல பவர் டூல் ரிப்பேர் பாக்குறேன், கொஞ்சம் மெஷின் வாடகைக்கும் விடுறேன். புதுசா ஒரு மெஷினோ பையோ வந்தா அதை வாங்கி, அடிச்சு ஓட்டி, கடற்கரையில போட்டு வச்சு, பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்தவுகளுக்கு வாங்கச் சொல்லுவேன். படகு ஆசாரிமாரு, ஃபைபர் வேலை பாக்குற பசங்க, வெல்டருன்னு கடைக்கு வர்றவுக திரும்பத் திரும்பக் கேக்குறதை எல்லாம் இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன்.

அண்ணே, நானும் மதுரையில இருக்குற என் மச்சானும் ஒரே நாள்ல ஒரே கட்டிங் மெஷின் வாங்குனோம். அவனுது இன்னும் ஓடுது, என்னுது பாம்பன்ல ரெண்டாவது வருஷமே போயிருச்சு. எனக்கு டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?

டூப்ளிகேட் எல்லாம் இல்ல தம்பி, உன் மெஷினை நானே பிரிச்சுப் பாத்தேன், ஒரிஜினல்தான். நம்ம கரையில மெஷின் வேலை செஞ்சு சாகுறது கம்மி, சும்மா கெடந்து சாகுறதுதான் ஜாஸ்தி, இதைத்தான் நான் வர்றவுக எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையேறி வேலை நடக்கும், அப்ப மெஷின் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும், சூடு இருக்குறதால உள்ள ஈரம் நிக்காது. ஜூன்ல படகை இறக்குனதும் அதே மெஷினை ஒரு சாக்குல சுத்தி தகர செட்டு மூலையில போட்டுருவோம், அடுத்த சித்திரைக்குத்தான் தேடுவோம். அந்தப் பத்து மாசம்தான் அதுக்கு எமன்.

ஏன்னா, காத்துல வர்ற உப்புத்தூசி மெஷினோட காத்து ஓட்டை வழியா உள்ள போய் காயில் மேலயும் பேரிங் மேலயும் உக்காந்துக்கும். சாதா உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுனா தானே தண்ணியை இழுத்துக் கரைஞ்சுரும், நம்ம ஊர்ல ராத்திரியில அது சர்வ சாதாரணம். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது 33 சதவீத ஈரப்பதத்துலயே தண்ணியை இழுக்கும், அதனால பகல்ல காஞ்ச மாதிரி தெரியுற மெஷின்கூட உள்ள முழுசா காயுறது இல்ல. மதுரையில மழையில நனைஞ்ச மெஷின் ரெண்டு நாள்ல காஞ்சுரும், இங்க நனையாத மெஷினே நனைஞ்சுதான் கெடக்கு.

நீங்க எப்படித்தான் டெஸ்ட் பண்றீங்க? கம்பெனிக்காரங்க உப்புத்தண்ணி டெஸ்ட் பண்ணித்தானே விக்கிறாங்க?

உப்புப்புகை டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஏ.எஸ்.டி.எம். பி117னு சொல்லுவாங்க. 5 சதவீத உப்புத்தண்ணியை 35 டிகிரி சூட்டுல ஒரு பெட்டிக்குள்ள புகையா அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. மேல்பூச்சு எது நல்லா இருக்கு, எது மோசம்னு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட அது உதவும், ஆனா அந்தப் பெட்டியில இத்தனை மணி நேரம் தாங்குனா வெளியில இத்தனை வருஷம் தாங்கும்னு கணக்குப் போட முடியாது, ஏன்னா பெட்டிக்குள்ள எப்பவும் ஈரம்தான், நம்ம கரையில நனையும், காயும், வெயில் அடிக்கும், மறுபடி நனையும். வெளிக்காத்துல வச்சுப் பாக்குறதுக்கு ஈடு இல்ல. மண்டபம் கேம்ப்ல காரைக்குடி சிக்ரியோட (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அரிப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்குறதே இந்தக் காத்துக்காகத்தான், உலோகத் தகட்டை வெட்டவெளியில வச்சு எம்புட்டு அரிக்குதுன்னு பாக்குற வேலை அது. நான் செய்யுறது அதுல ஒரு கைப்பிடி அளவு.

ஒரே மாடல்ல ரெண்டு மெஷின் வாங்குவேன். வாங்குன அன்னைக்கே ரெண்டையும் பிரிச்சு உள்ள கிரீஸ் எம்புட்டு வச்சிருக்கான், பேரிங் தகடு மூடுனதா ரப்பர் மூடுனதா, ஸ்க்ரூ எந்தப் பூச்சு, வயர் உள்ள நுழையுற இடத்துல பிடிப்பு சரியா இருக்கான்னு பாத்து போட்டோ எடுத்துக்குவேன். ரப்பர் சீல் வச்ச பேரிங் இல்லாத மெஷினை அங்கயே பாதி மனசு விட்டுரும். அப்புறம் 500 வோல்ட் மெக்கர் (கரண்டு கசியுதான்னு பாக்குற மீட்டர்) வச்சு இன்சுலேஷன் அளந்து எழுதி வச்சுக்குவேன், புதுசுல முள்ளு 100 மெகாஓமுக்கு மேலதான் நிக்கும். அடுத்து ஓட்டுறது: கட்டிங் மெஷின்னா 8 எம்.எம். கம்பி, வரிசையா வெட்டிக்கிட்டே கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியரும், தலைப்பக்கம் எம்புட்டு சூடாகுதுன்னு தெர்மாமீட்டர்லயும் பாப்பேன், கை வைக்க முடியாத சூடு வந்தா நிறுத்திருவேன். ஒரு மீட்டர் உசரத்துல இருந்து கான்கிரீட் மேல ரெண்டு தடவை போட்டுப் பாப்பேன், மணல்ல போட்டா அது கணக்கே இல்ல.

இதுக்கு அப்புறம்தான் உண்மையான டெஸ்ட். ஒரு மெஷினை வீட்டுக்குள்ள அலமாரியில வச்சுருவேன், இன்னொண்ணை கடல் பாத்த செட்டுல, மழை படாம, காத்து படுற மாதிரி தொங்க விட்டுருவேன், கச்சான், அதாவது மேக்குக் காத்து, அடிக்கிற ஆனி ஆடியில ஆரம்பிச்சு வாடைக்காத்து முடியுற வரைக்கும். நடுவுல தொடவே மாட்டேன். தை மாசம் ரெண்டையும் பக்கத்துல வச்சு மெக்கர் போட்டு, பிரிச்சுப் பாத்தா எல்லாம் தெரிஞ்சுரும். கடையில விலை கூடுன மெஷின் ஒண்ணு ஓட்டத்துல ராஜா மாதிரி இருந்துச்சு, ஆனா தைக்குப் பிரிச்சப்ப கமுட்டேட்டர் (மோட்டாருக்குக் கரண்டு ஏறுற செம்பு வளையம்) பூரா பச்சை பூத்து, ஸ்பிரிங் துருப்பிடிச்சு, அந்த வளையத்துல உரசுற கார்பன் அதோட கூட்டுலயே இறுகிக் கெடந்துச்சு. அதைவிட விலை கம்மியான ஒண்ணு, ஆர்மேச்சர் (உள்ள சுத்துற காயில் உருளை) மேல வார்னிஷ் தடியா ஊத்தி இருந்ததால சேதாரம் இல்லாம வந்துச்சு. ஒரே நாள் ஓட்டிப் பாத்துட்டு நல்ல மெஷின்னு நான் சொல்லி இருந்தா எத்தனை பேரு காசு போயிருக்கும்னு நினைச்சாலே சங்கடமா இருக்கு.

ஐ.பி. 54னு போட்டிருந்தா உப்பு தாங்கும்னு அர்த்தமா?

இல்ல. முதல் நம்பர் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. 5ன்னா கெடுதல் பண்ற அளவு தூசி போகாது, 4ன்னா எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும். அரிப்பைப் பத்தி அந்த நம்பர்ல ஒண்ணுமே கிடையாது.

வாட் கூட இருந்தா கூட நாள் உழைக்கும்தானே?

உழைப்புக்கு வாட்டை விட வயரைப் பாருங்க முதல்ல. படகு கரையில நிக்கும், கரண்டு வீட்டுல இருக்கும், நடுவுல 50 மீட்டர் ஒல்லி வயர். 0.75 ஸ்கொயர் எம்.எம். வயர்ல 50 மீட்டர் இழுத்து 1000 வாட் மெஷின் ஓட்டுனா வயர்லயே 11, 12 வோல்ட் போயிரும், அதுவும் சாதாரண லோடுல, அழுத்திப் பிடிச்சா இன்னும் மோசம், அதோட வீட்டு வோல்டேஜே சாயங்காலம் இறங்கித்தான் இருக்கும். வோல்டேஜ் இறங்குனா மோட்டார் சுத்து குறையும், உள்ள இருக்குற ஃபேனும் அதே தண்டுலதான் இருக்குறதால காத்தும் குறையும், வெட்டலயேன்னு நம்ம ஆளு இன்னும் அழுத்துவாரு, ஆர்மேச்சர் கருகிரும். 2.5 ஸ்கொயர் போட்டா அதே தூரத்துக்கு 4 வோல்ட்டுக்குள்ள நிக்கும். முதல்ல நல்ல வயர் வாங்குங்க, அதோட 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணும் போட்டுருங்க, ஈரமணல்ல வெறுங்கால்ல நின்னு மெஷின் பிடிக்கிற ஊரு இது.

ஃபைபர் படகு வேலை பாக்குறோம்ணே, வருஷத்துக்கு ரெண்டு ஆர்மேச்சர் போகுது. எந்த மெஷின் வாங்குனாலும் இதே கதைதான்.

எந்த மெஷின் வாங்குனாலும் இதே கதையா இருந்தா காரணம் மெஷின் இல்ல. நீங்க தேய்க்கிறது கண்ணாடி. ஃபைபர்னு சொல்லுறது ரெசின்ல ஊறுன கண்ணாடி நார்தான், தேய்க்கிறப்ப வர்ற பவுடரை மெஷின் ஃபேன் பின்பக்க ஓட்டை வழியா இழுத்து ஆர்மேச்சர் மேல அடிக்குது, அந்த வேகத்துல அது காயில் மேல இருக்குற வார்னிஷை உப்புத்தாள் மாதிரி சீவி எடுத்துரும். வார்னிஷ் போன இடத்துல உப்பும் ஈரமும் உக்காரும். அங்கிட்டு இங்கிட்டு ஷார்ட் ஆகி ஒருநாள் புகை வரும்.

நான் ஓட்டிப் பாத்ததுல வித்தியாசம் தெரிஞ்ச விஷயம் மூணு. பின்பக்க ஓட்டைக்கு மெல்லிசு வலை மூடி வர்ற மெஷின் நல்லது, ஆனா அந்த வலையை மணிக்கு ஒரு தடவை தட்டணும், இல்லாட்டி அடைச்சுக்கிட்டு சூடாகும், வலைக்குப் பதிலா பழைய துணி கட்டுறது ரொம்பத் தப்பு. அடுத்து காத்து வாக்கு பாத்து நிக்கணும், தூசி உங்க முதுகுப் பக்கம் போகாம எதிர்ப்பக்கம் போகணும், கச்சான் காலத்துல மேக்க முதுகைக் காட்டி நில்லுங்க. வேலை முடிஞ்சதும் மெஷினை லோடு இல்லாம ஒரு நிமிஷம் ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு புளோயர்ல ஓட்டை வழியா ஊதுங்க. முகத்துக்கு மாஸ்க் இல்லாம அந்த வேலை பாக்காதீங்கப்பா. ஆர்மேச்சரை மாத்தலாம், நெஞ்சை மாத்த முடியாது, நான் இதை எத்தனையோ பசங்ககிட்ட கெஞ்சிச் சொல்லி இருக்கேன்.

சுவிட்ச் தள்ளுனா திரும்ப வர மாட்டேங்குது. எண்ணெய் விட்டா சரியாகுமா?

உடனே அந்த மெஷினை ஓட்டுறதை நிறுத்துங்க. தள்ளி லாக் பண்ற சுவிட்ச் உள்ள உப்பு கட்டி கட்டியா சேர்ந்து ஆஃப் ஆகாம நின்னுக்கும், கை தவறி மெஷின் கீழ விழுந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே காலைத் தேடி வரும். எண்ணெய் விட்டா தூசியும் சேர்ந்து கூழாகி இன்னும் இறுகும், சுவிட்சையே மாத்திருங்க. புதுசா வாங்குறவுகளுக்கு நான் சொல்லுறது, கைப்பிடிக்கு அடியில நீளமா அமுக்குற மாதிரி சுவிட்ச் உள்ளதா வாங்குங்க, கையை எடுத்தா நின்னுரும்.

கல்லையும், அதாவது டிஸ்க்கையும் பாருங்க. வெட்டுற டிஸ்க்கு நடுவுல இருக்குற தகர வளையத்துல தேதி அடிச்சிருக்கும், செஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம்தான் அதுக்கு ஆயுசு, ஈரத்துல கெடந்தா பசை இன்னும் சீக்கிரம் பலம் போயிரும். 4 இஞ்ச் டிஸ்க் நிமிஷத்துக்கு 15,200 சுத்து வரைக்கும்னு போட்டிருப்பான், அது நல்ல டிஸ்க்குக்குச் சொன்னது, நாலு வருஷமா செட்டுல கெடந்த டிஸ்க்குக்கு இல்ல.

தம்பி, எங்க வீட்டுக்காரரு சவுதியில இருந்து வரும்போது ட்ரில்லும் கட்டிங் மெஷினும் கொண்டு வந்தாரு, இங்க போடலாமா? (பெரியபட்டினத்துல இருந்து ஒரு அக்கா கேட்டது)

மெஷின் தகட்டைப் பாருங்கக்கா. 220 இல்ல 230 வோல்ட்னு இருந்தா போடலாம். அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50, அதுக்குப் பயப்பட வேணாம், கார்பன் வச்ச மோட்டாருக்கு அது பிரச்சினை இல்ல. 110 இல்ல 127னு இருந்தா நம்ம பிளக்குல சொருகுன நொடியே போயிரும், அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேணும். துபாய்ல இருந்து வர்றதுல சதுர முள்ளு பிளக் இருக்கும், அதை வெட்டி எறியுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அதுக்குள்ள ஃபியூஸ் இருக்கு, நம்ம பிளக்குல அது கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் இங்க கிடைக்குமான்னு விசாரிச்சுக்கங்க, அங்க விக்கிற மாடல் எல்லாம் இங்க வர்றதில்ல.

பேட்டரி மெஷின் கடற்கரைக்குச் சரிப்படுமா? பிரஷ்லெஸ் வாங்கலாமா?

பிரஷ்லெஸ்ல கார்பனும் கமுட்டேட்டரும் இல்ல, அதனால உப்பு முதல்ல கடிக்கிற இடமே இல்லாமப் போகுது, அது பெரிய லாபம். ஆனா உள்ள சர்க்யூட் போர்டு இருக்கு. போர்டு முழுக்க பிசின் ஊத்தி மூடி இருந்தா வாங்கலாம், ஓரத்துல மட்டும் கொஞ்சம் தடவி இருந்தா நம்ம ஊருக்கு ஆகாது. பேட்டரி சொருகுற தகட்டுல பச்சை பூத்தா லூஸ் கனெக்‌ஷன் ஆகி சூடேறும், வாரம் ஒரு தடவை காஞ்ச துணியால தொடைங்க. தகர செட்டுல மதிய வெயில்ல சார்ஜ் போடாதீங்க, பேட்டரி 45 டிகிரிக்கு மேல சூடா இருக்குறப்ப சார்ஜ் ஏத்துனா ஆயுசு குறையும். மாசக்கணக்குல சும்மா வைக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைங்க, ஃபுல்லாவும் வேணாம், காலியாவும் வேணாம். 18 வோல்ட், 20 வோல்ட்னு ரெண்டு விதமா எழுதி இருப்பான், ரெண்டுக்குள்ளயும் வரிசைக்கு அஞ்சு செல்லுதான், ஃபுல் சார்ஜ்ல அளந்தா 20 சொச்சம், வேலை பாக்குறப்ப 18, அதுக்காகக் கூடக் காசு குடுக்காதீங்க.

கடல்ல விழுந்துருச்சுண்ணே, காய வச்சுப் போடலாமா?

காய வைக்கிறதுக்கு முன்னாடி கழுவணும். எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், உப்புத்தண்ணியோட வெயில்ல வச்சா தண்ணி போயிரும், உப்பு உள்ள நின்னுக்கும். வயர் மெஷின்னா பிளக்கைப் பிடுங்கிட்டு அரை மணி நேரத்துக்குள்ள நல்ல தண்ணி வாளியில முக்கி முக்கி, தண்ணியை மூணு நாலு தடவை மாத்தி அலசுங்க, கார்பனைக் கழட்டி வைங்க, நிழல்ல காத்தாட தொங்க விட்டு கடைக்குக் கொண்டு வாங்க. நாலு நாள் கழிச்சு கொண்டு வந்தா பேரிங், கியர் ரெண்டும் போயிருக்கும். பிரிச்சு, காய வச்சு, புது கிரீஸ் போட்டு, மெக்கர்ல 7 மெகாஓமுக்குக் கீழ காட்டுனா அதை நான் திருப்பித் தர மாட்டேன், சண்டை போட்டாலும் சரி.

பேட்டரி உப்புத்தண்ணியில விழுந்தா கதையே வேற. அதை சார்ஜ் போடவே கூடாது, வீட்டுக்குள்ள கொண்டு போகவும் கூடாது. உள்ள ஷார்ட் ஆகி ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட தீப்பிடிக்கும். வெட்டவெளியில, வலை, பிளாஸ்டிக் பக்கத்துல இல்லாத இடத்துல தனியா வச்சுட்டு, அதைத் திரும்ப உபயோகிக்கிற யோசனையை விட்டுருங்க.

டூல் பை எது வாங்குறது? வருஷா வருஷம் ஜிப்புதான் போகுது.

பையில நான் கண்ட பாதிச் சாவு ஜிப்புலதான், துணி கிழிஞ்சு போன பை எண்ணிக்கையில குறைவு. ஓட்டுற தலை மட்டமான உலோகத்துல இருக்கும், வெள்ளைப் பவுடரா பூத்து இறுகிரும், இழுத்தா பல்லு புடுங்கிக்கும். பெரிய பிளாஸ்டிக் பல்லு ஜிப், தலையும் பிளாஸ்டிக்குல வந்தா வாங்குங்க, இல்லாட்டி ஜிப்பே இல்லாம மேல மடிச்சு பக்கிள் மாட்டுற பை இன்னும் நல்லது. ரிவெட்டைக் காந்தம் வச்சுப் பாருங்க, நல்லா ஒட்டுனா இரும்பு மேல பூச்சு, ஒரு மழைக்காலத்துக்குத்தான். ஸ்டீல்னு சொன்னா 304ஆ 316ஆன்னு கேளுங்க, 316ல 2, 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருக்கும், கடல் உப்புக்கு அதுதான் தாங்கும்.

துணியைப் பொறுத்தவரைக்கும் கேன்வாஸ் பை நான் ஆசைப்பட்டு வாங்குனது, உரசலுக்கு நல்லா நின்னுச்சு, ஆனா ஈரத்தைக் குடிச்சுட்டு விடாது, ஐப்பசி கார்த்திகையில பூசணம் பூத்து அடி நைஞ்சு போச்சு, அதோட உள்ள இருந்த உளி, ட்ரில் பிட்டு எல்லாத்துக்கும் துருவை ஏத்தி விட்டுருச்சு. நைலான் பலம்தான், ஆனா வெயில்ல பாலியஸ்டர் அளவு நிக்காது. நம்ம ஊரு வெயிலுக்கும் ஈரத்துக்கும் தடி பாலியஸ்டர், 1680 டினியர்னு (நூல் தடிமன் கணக்கு) போட்டது, அடிப்பக்கம் வார்த்த பிளாஸ்டிக் தொட்டி, இதுதான் நான் வாடகை மெஷினுக்கு வச்சிருக்கேன்.

பை டெஸ்ட் எளிசுதான். 20 கிலோ மணல் மூட்டையை உள்ள வச்சு ஒரே பக்கக் கைப்பிடியில மாட்டி ஒரு வாரம் தொங்க விடுவேன், தையல் விடுதான்னு தெரியும். கடல்தண்ணியில முக்கி வெயில்ல காய வச்சு மறுபடி முக்கி, பத்து நாள் இப்படி, அதுக்குள்ள ஜிப் சொல்லிரும். அப்புறம் அடிப்பக்கத்துல ஒரு குவளை தண்ணி ஊத்திட்டு எம்புட்டு நேரத்துல வெளியேறுதுன்னு பாப்பேன். தண்ணியே புகாத பைன்னு விக்கிறதுல உள்ள போன தண்ணி வெளிய வராது, அது தொட்டி மாதிரி நின்னு மெஷினை ஊற வைக்கும், நான் அந்த மாதிரிப் பை ரெண்டுல அடியில சூடான கம்பி வச்சு நாலு ஓட்டை போட்டுத்தான் உபயோகிக்கிறேன். தையல் விட்டுச்சுன்னா தூக்கி எறியாதீங்க, வலை பின்னுற நைலான் நூல்ல நம்ம வலைக்காரரு ஒருத்தரு ரெட்டையா ஓட்டிக் குடுத்தாருன்னா கம்பெனித் தையலை விட அது நிக்குது.

தேங்காண்ணெய் தடவி வைக்கலாமா? டீசல்? பையில கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு வச்சா ஈரம் இழுக்கும்னு அப்பா சொல்லுறாரு.

தேங்காண்ணெய் தடவுனா தூசியைப் பிடிச்சுக்கும். டீசல் ரப்பரையும் வயர் தோலையும் கெடுக்கும். ட்ரில் சக்குக்கு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். ஸ்ப்ரே கேன்ல வர்ற எண்ணெய் தண்ணியை விரட்டும், ஆனா மாசக்கணக்குல காவல் இருக்காது, அதை மோட்டார் ஓட்டைக்குள்ள அடிக்காதீங்க, கார்பன் கெட்டுப் போகும்.

சுண்ணாம்பு ஈரம் இழுக்கும், அப்பா சொல்லுறது உண்மைதான், கிளிஞ்சல் சுண்ணாம்பு நம்ம ஊருல பழகுனதும்கூட. ஆனா நனைஞ்ச சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும், கட்டிங் மெஷினோட கியர் தலை அலுமினியம்தான், அதனால மெஷின் பக்கத்துல வேணாம். சிலிக்கா ஜெல் வாங்கிப் போடுங்க, நிறம் மாறுனா வாணலியில மிதமா வறுத்து மறுபடி போட்டுக்கலாம்.

கடைசியா எந்த பிராண்டுன்னு சொல்லுங்கண்ணே, போஷ்ஷா, மகிதாவா, டிவால்டா?

மூணுலயும் நல்ல மாடலும் இருக்கு, நம்ம கரைக்கு ஒத்துவராத மாடலும் இருக்கு, அதனாலதான் மாடல் மாடலாப் பிரிச்சுப் பாக்குறேன். ராமநாதபுரத்துலயோ மதுரையிலயோ கார்பன், சுவிட்ச், ஆர்மேச்சர் மூணும் ஒரிஜினலா கிடைக்குற மாடலா எடுங்க. வாரண்டி கார்டுல துரு சேராதுன்னு பெரும்பாலும் போட்டிருக்கும், வாங்குறப்பவே படிங்க.

தடைக்காலம் முடிஞ்சு மெஷினைக் கட்டி வைக்கிறோம். என்ன பண்ணிட்டு வைக்கணும்?

நல்ல தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு வெளிப்பக்கம் பூரா தொடைங்க, எண்ணெய்த் துணியால தொடைச்சா உப்பு போகாது, உப்பு தண்ணியிலதான் கரையும். காஞ்சதும் ஊதி, ஒரு நிமிஷம் ஓட்டி, டிஸ்க்கையும் பிட்டையும் கழட்டித் தனியா வைங்க. பையை அலசிக் காய வச்சு, மெஷினை அதுக்குள்ள வைக்காம வெளிய வைங்க. சாக்குல சுத்தாதீங்க, கடல் பாத்த சுவத்துல வைக்காதீங்க. ஒரு மர அலமாரிக்குள்ள, மேல் தட்டுல மெஷின், கீழ் தட்டுல பழைய குண்டு ஜீரோ வாட் பல்பு எரியட்டும், எல்.ஈ.டி. போட்டா சூடு வராது, பழசுதான் வேணும், அது பேருக்குத்தான் ஜீரோ, 12, 15 வாட் இழுத்து அலமாரியைக் கொஞ்சம் கதகதன்னு வச்சிருக்கும், அதுலயே ஈரப்பதம் இறங்கிரும். துணி, பேப்பர், பேட்டரி எதுவும் பல்புகிட்ட வேணாம். மாசம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத நாளாப் பாத்து, எல்லா மெஷினையும் எடுத்து ரெண்டு நிமிஷம் ஓட்டி வைங்க. சத்தம் மாறி இருந்தா அன்னைக்கே கொண்டு வாங்க, பேரிங் மாத்துறதோட போயிரும், ஆர்மேச்சர் வரைக்கும் போகாது.